டர்போ பெட்ரோல் காரில் ஸ்பார்க் பிளக்கை எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். என் கார் ஆறாவது வளைவிலேயே திக்க ஆரம்பித்துவிட்டது. வளைவு திரும்பி மூன்றாவது கியரில் நன்றாக மிதித்தால், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து விடுகிற மாதிரி இரண்டு வெட்டு, அப்புறம் ஓடும். காலை லேசாகத் தூக்கினால் பரம சாது. ஒன்பதாவது வளைவில் வியூ பாயிண்டில் ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து பார்த்தேன், ஐடிலிங்கில் தையல் மிஷின் போல ஓடிக்கொண்டிருந்தது. செக் என்ஜின் விளக்கும் எரியவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு பட்டறையில் பெட்ரோல் சரியில்லை என்றார்கள், இன்ஜெக்டர் கிளீனிங் செய்து பில் போட்டார்கள், வெட்டு அப்படியே இருந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே மூன்று பிளக்குகளையும் கழற்றி, இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன். 0.75 மி.மீ. இருக்க வேண்டிய கேப் (இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி), ஒன்றில் 0.95, மற்ற இரண்டில் 1.0. ஓடியிருந்தது 52,000 கி.மீ. தான். ‘இரிடியம் பிளக்தானே, ஒரு லட்சம் வரும்’ என்று நானும் எல்லோரையும் போல நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு லட்சம் டர்போ இல்லாத சாதாரண என்ஜினுக்கான கணக்கு. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆரம்பத்திலேயே ஒன்று. உங்களுடையது டர்போ டீசல் என்றால் இது உங்களுக்கு இல்லை. டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அதில் இருப்பது க்ளோ பிளக், வேலையே வேறு. இங்கே பேசுவது டர்போ பெட்ரோல் பற்றி, குறிப்பாக நம் சாலைகளில் இப்போது நிறைய ஓடுகிற ஒரு லிட்டர், 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போக்கள் பற்றி.

டர்போவில் பிளக் ஏன் சீக்கிரம் தேய்கிறது

பிளக்கின் வேலை ஒரு சின்ன இடைவெளியைத் தாண்டித் தீப்பொறியைக் குதிக்க வைப்பது. இடைவெளி கூடினால் குதிக்க அதிக வோல்ட்டேஜ் வேண்டும், இது எல்லோருக்கும் புரியும். பலர் மறந்துவிடுவது இன்னொன்றை: அந்த இடைவெளியில் இருக்கிற காற்றின் அழுத்தம் கூடினாலும் அதிக வோல்ட்டேஜ் வேண்டும். இயற்பியலில் இதற்குப் பாஷென் விதி என்று பெயர். டர்போ ஒரு பார் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னொரு அவ்வளவு அழுத்தம், கொடுத்தால் சிலிண்டருக்குள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காற்று திணிக்கப்படுகிறது. அந்த நெரிசலுக்குள் பொறி குதிக்க வேண்டும். அதனால்தான் டர்போ இல்லாத என்ஜினில் 1.0, 1.1 மி.மீ. என்று வைக்கிற கேப்பை, டர்போவில் 0.7, 0.8 என்று நெருக்கி வைக்கிறார்கள்.

இப்போது கேப் தேய்ந்து 1.0 ஆகிவிட்டது என்று வையுங்கள். ஐடிலிங்கில் அழுத்தம் குறைவு, பொறி சுலபமாகக் குதித்துவிடும், கார் சமத்தாக ஓடும். மேட்டில் நன்றாக மிதிக்கும்போது பூஸ்ட் ஏறுகிறது, தேவைப்படுகிற வோல்ட்டேஜும் ஏறுகிறது, பிளக்குக்கு உயர் வோல்ட்டேஜ் தருகிற காயிலால் அவ்வளவு தர முடியவில்லை, பொறி விழவில்லை. அந்த வெட்டு அதுதான். டர்போ காரின் பிளக்கை ஐடிலிங்கில் நிறுத்தி வைத்து நல்லதா கெட்டதா என்று சொல்வது, பந்தயக் குதிரையை லாயத்தில் கட்டிவைத்து விலை பேசுகிற கதை.

கூடவே வெப்பம். பிளக்கின் முனை சுமார் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் படிகிற கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். 850 டிகிரியைத் தாண்டினால் முனையே கங்கு போலச் சிவந்து, பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்ற வைத்துவிடும். டர்போவில் அந்த மேல் எல்லைக்குப் பக்கத்திலேயே வேலை நடக்கிறது, உலோகம் தேய்வதும் அதற்கேற்ற மாதிரி.

கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்

ஒரு சின்னக் கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பிளக் பொறி விடுகிறது. பைபாஸில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 2,000 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 1,000 பொறி. ஒரு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் போகிறோம், ஆக கிலோமீட்டருக்கு 1,000. அதே கார் கிண்டியிலோ காந்திபுரத்திலோ சராசரி 15 கி.மீ. வேகத்தில் ஊர்கிறது என்றால் ஒரு கிலோமீட்டருக்கு நான்கு நிமிடம் ஆகிறது. சராசரி 1,300 ஆர்பிஎம் என்று வைத்தாலும் 2,600 பொறி. மீட்டரில் ஏறுவது அதே ஒரு கிலோமீட்டர், தேய்வு இரண்டரை மடங்கு. நகரத்துக்குள்ளேயே ஓடுகிற காருக்கு 40,000 என்பது, தினமும் ஹைவேயில் ஓடுகிற காரின் ஒரு லட்சத்துக்குச் சமம். ஆட்டோமேடிக் கார்களில் சிக்னலில் என்ஜின் தானாக நிற்கிற வசதியை நாம் பெரும்பாலும் அணைத்து வைத்திருக்கிறோம், ஏசி போய்விடுகிறது என்று. அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எத்தனை கிலோமீட்டர்?

காரின் கையேட்டில் போட்டிருக்கிற எண்தான் மேல் எல்லை, அதைத் தாண்டவே கூடாது. அதற்குள் எங்கே மாற்றுவது என்பதுதான் நம் கையில் இருக்கிறது. நான் பின்பற்றுவதைச் சொல்கிறேன்.

இரிடியம் அல்லது பிளாட்டினம் பிளக், கம்பெனி டியூனிங், ஹைவேயும் நகரமும் கலந்த ஓட்டம் என்றால் 40,000-ல் ஒரு முறை கழற்றிக் கேப் பார்ப்பேன், 50,000-லிருந்து 60,000-க்குள் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுவேன். பெரும்பாலும் நகரம், அல்லது அடிக்கடி மலை ஏறுகிற கார் என்றால் 40,000-லேயே மாற்றுவது. கடைக்காரர்கள் ‘காப்பர் பிளக்’ என்று சொல்கிற நிக்கல் முனைப் பிளக் போட்டிருந்தால் 20,000 போதும். அது ஒன்றும் மட்டமில்லை, சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1,768, இரிடியம் 2,446. ஆயுள் வித்தியாசத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

ரீமேப் செய்து, அதாவது என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி, பூஸ்ட்டை ஏற்றியிருக்கிறீர்களா? அப்படியானால் கையேட்டு எண் உங்களுக்குப் பொருந்தாது. 20,000-க்கு ஒரு முறை பிளக்கைத் தொடுங்கள். பலர் ஒரு படி குளிர்ந்த பிளக்கும் (முனையின் வெப்பத்தைச் சீக்கிரம் வெளியேற்றுவது) 0.1 மி.மீ. நெருக்கிய கேப்பும் வைக்கிறார்கள். உங்கள் டியூனர் சொல்வதைக் கேளுங்கள். அவரிடம் பிளக் பற்றிப் பதிலே இல்லையென்றால் வேறு டியூனரைப் பாருங்கள்.

சிஎன்ஜியும் உண்டு. டாடா நெக்ஸான் 2024-ல் டர்போ என்ஜினோடு சிஎன்ஜியில் வந்தது. பெட்ரோல் கலவையைவிட வாயுக் கலவையில் பொறி விழ அதிக வோல்ட்டேஜ் தேவை, அதனால் பிளக் இன்னும் சீக்கிரம் தேயும். வெளிப் பட்டறையில் கிட் போட்ட டர்போ வைத்திருப்பவர்கள் 20,000-க்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்வது நல்லது.

அதிகம் ஓடாத கார் என்றால்? நான்கு வருடம் ஆகிவிட்டால் கிலோமீட்டர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். பல வருடம் தொடாத பிளக், அது திருகியிருக்கிற அலுமினிய ஹெட்டில் (என்ஜினின் மேல் பாகம்) இறுகிப்போகும், கழற்றும்போது மரையையும் கூடவே கொண்டுவந்துவிடும்.

பிளக் சொல்கிற அறிகுறிகள்

வரிசை பெரும்பாலும் இப்படி வரும். முதலில் மைலேஜ் லிட்டருக்கு ஒன்று குறையும், டிராஃபிக் மேல் பழி போடுவோம். அப்புறம் காலையில் ஸ்டார்ட் ஆக அரை நொடி கூடுதலாக எடுக்கும். அப்புறம், ஏசி போட்டு நாலு பேர் உட்கார்ந்து, உயர் கியரில் 1,800-லிருந்து 2,500 ஆர்பிஎம்முக்குள் மிதிக்கும்போது அந்த வெட்டு. பூஸ்ட் முழுதாக ஏறி, என்ஜின் வேகம் இன்னும் குறைவாகவே இருக்கிற இடம் அது, பிளக்குக்கு அதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. கடைசியில்தான் செக் என்ஜின் விளக்கு. காரின் கம்ப்யூட்டரில் பதிவாகிற பிழைக் குறியீட்டைப் படிக்கிற ஓபிடி ஸ்கேனரில் பி0300 வந்தால் பொதுவான மிஸ்ஃபயர் (கலவை பற்றாமல் போவது), பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது, இப்படி.

விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்க் கேடலிட்டிக் கன்வர்ட்டருக்குள் எரிகிறது என்று பொருள். அப்படியே மிதித்து ஓட்டினால் உள்ளே இருக்கிற தேன்கூடு போன்ற பீங்கான் உருகிவிடும். பிளக் செட்டை ஐந்து தலைமுறைக்கு வாங்கி வைக்கிற காசு அதற்குப் போகும். காலைத் தூக்கி மெதுவாக ஓரங்கட்டுங்கள்.

இந்த அறிகுறிகள் எல்லாம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் காயில். தேய்ந்த பிளக் ஒவ்வொரு பொறிக்கும் காயிலிடம் கூடுதல் வோல்ட்டேஜ் கேட்கிறது. வழக்கமாகப் பதினைந்து, இருபதாயிரம் வோல்ட்டில் முடிகிற வேலை முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது. ஒரு நாள் மின்சாரம், பிளக்கின் மேல் மாட்டுகிற காயிலின் ரப்பர் உறையை, அதாவது ரப்பர் பூட்டையே துளைத்துக்கொண்டு பக்கத்து உலோகத்துக்குப் போய்விடும். ‘காயில் போய்விட்டது’ என்று மாற்றப்படுகிற பல காயில்களைக் கொன்றது பழைய பிளக்தான்.

வாங்கும்போது

கையேட்டில் உள்ள பிளக் எண்ணை, ஒரு எழுத்து கூட மாறாமல், வாங்குங்கள். ‘இதுவும் அதே மாதிரிதான் சார்’ என்பது மாம்பழத்துக்குச் சரி, பிளக்குக்குச் சரிப்படாது. நடுவில் வருகிற எண் வெப்ப வரிசை. இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது: என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடினால் குளிர்ந்த பிளக். பாஷ் பிளக்கில் தலைகீழ், எண் கூடினால் சூடான பிளக். ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது எண்ணை மட்டும் ஒப்பிட்டு வாங்கினால், குளிர்ந்தது என்று நினைத்துச் சூடானதைப் போட்டுவிடுவீர்கள். டர்போவில் அது பிஸ்டனை ஓட்டை போடுகிற தவறு.

போலிகள் சந்தையில் நிறைய. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட டீலர் அல்லது கம்பெனி சர்வீஸ் கவுண்டரில் பில்லோடு வாங்குங்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பீங்கானில் அச்சு ஒரே மாதிரி இருக்கிறதா, நடு முனை சரியாக நடுவில் நிற்கிறதா, வாஷர் தளர்வாகக் கழன்று விழாமல் இருக்கிறதா.

கேப்பை ஃபீலர் கேஜில் பார்த்துவிடுங்கள். நாணயம் போல வட்டமாக இருக்கிற கேப் கருவியை இரிடியத்தில் நுழைத்து நெம்பாதீர்கள். அதன் நடு முனை அரை மி.மீ. தடிமன்தான், உளி போலக் கடினம், ஆனால் பிஸ்கட் போல உடையும். கேப்பை மாற்றியே ஆக வேண்டும் என்றால் மேலே வளைந்து நிற்கிற பக்க முனையை மட்டும், நடு முனையைத் தொடாமல், கொஞ்சமாக வளையுங்கள்.

கழற்றி மாட்டுவது

தேவையானவை: உள்ளே ரப்பர் வைத்த பிளக் சாக்கெட் (பெரும்பாலும் 16 மி.மீ., சில ஐரோப்பிய, கொரியக் கார்களில் 14 மி.மீ. பன்னிரண்டு முனை), நீளமான எக்ஸ்டென்ஷன், ராட்செட், காயில் போல்ட்டுக்கு ஏற்ற சாக்கெட், டார்க் ரெஞ்ச், டயருக்குக் காற்றடிக்கிற சின்ன கம்ப்ரஸர். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள்.

என்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்தி, காலையில் செய்வது உத்தமம். சூட்டில் அலுமினிய ஹெட்டின் மரை மிருதுவாக இருக்கும், அப்போது பிளக்கைத் திருப்பினால் மரை உரிந்து வந்துவிடும்.

சாவியை எடுத்துவிட்டு, என்ஜின் மேல் மூடியைத் தூக்குங்கள். காயில் கனெக்டரின் லாக் வருடக்கணக்கில் வெந்து அப்பளமாகியிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினால் ஒடிந்துவிடும், கட்டை விரலால் அழுத்தி மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். போல்ட்டைக் கழற்றி, காயிலை இடம் வலம் லேசாகத் திருப்பி, ரப்பர் விட்டதும் நேராக மேலே தூக்குங்கள். எந்தக் காயில் எந்தச் சிலிண்டர் என்று மார்க்கரால் எழுதி வையுங்கள், பின்னால் உதவும்.

இப்போது உடனே பிளக்கைத் திருப்பாதீர்கள். குழிக்குள் கம்ப்ரஸர் காற்று அடியுங்கள். பிளக்கை அரைச் சுற்று தளர்த்தி, மறுபடி அடியுங்கள். நம் ஊர்ப் புழுதியில் அந்தக் குழியில் மணல் இல்லாத காரை நான் பார்த்ததில்லை. பிளக் வெளியே வந்த பிறகு மணல் உள்ளே விழுந்தால் அது நேராக சிலிண்டருக்குத்தான் போகும். குழியில் எண்ணெய் நிற்கிறது என்றால் வால்வு கவர் பேக்கிங் கசிகிறது. அதைத் துடைத்துவிட்டு, பேக்கிங்கைத் தனியாகக் கவனியுங்கள், இல்லையென்றால் புது ரப்பர் பூட்டும் ஊறிப்போகும்.

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசையிலேயே ஒரு துணி மேல் அடுக்குங்கள். ஒவ்வொன்றும் அந்தச் சிலிண்டரின் ஜாதகம். முனை காய்ந்த சுக்கு நிறத்திலோ வெளிர் சாம்பலிலோ இருந்தால் எல்லாம் சுகம். உலர்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது கார் கிலோமீட்டர் கணக்கில் சின்னச் சின்ன ஓட்டமாகவே ஓடுகிறது. ஈரமான எண்ணெய்க் கறுப்பு என்றால் பிஸ்டன் ரிங், வால்வு சீல் அல்லது டர்போவே எண்ணெய் விடுகிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளையாகக் கொப்புளம் தட்டியிருந்தால் அதிக சூடு. வெள்ளைப் பீங்கானில் மிளகைத் தூவியது போலப் புள்ளிகளும் நடுவே பளபளக்கிற உலோகத் துணுக்குகளும் தெரிந்தால் கவலைப்படுங்கள், என்ஜின் நாக் ஆகிறது (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிக்கிறது), அந்தப் பளபளப்பு பிஸ்டனின் அலுமினியம். புது பிளக் போட்டு ஓட்டிவிடாமல் காரணத்தைத் தேடுங்கள்.

ஒன்றே ஒன்றுக்குப் பயப்படாதீர்கள்: வெளிப் பக்கப் பீங்கானில், உலோக உடலை ஒட்டி, வளையமாக ஒரு காவி நிறக் கறை. ‘கேஸ் லீக் ஆகுது சார்’ என்று இதைக் காட்டி வேலை வைப்பவர்கள் உண்டு. உயர் வோல்ட்டேஜைச் சுற்றி ஈர்க்கப்பட்ட எண்ணெய்த் துகள்கள் படிந்த கறை அது, ஒன்றும் செய்யாது. அதே பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சில் கோடு போல ஒரு கறுப்புக் கோடு இருந்தால்தான் பிரச்சினை, மின்சாரம் வெளி வழியாக ஓடியிருக்கிறது, ரப்பர் பூட்டையும் மாற்ற வேண்டும்.

புது பிளக்கை மேலிருந்து குழிக்குள் நழுவ விடாதீர்கள், விழுந்த அடியில் கேப் மூடிக்கொள்ளும். சாக்கெட்டில் வைத்து, ராட்செட் இல்லாமல் எக்ஸ்டென்ஷனை மட்டும் விரலால் பிடித்து இறக்குங்கள். முதலில் இடது பக்கம், அதாவது கழற்றுகிற திசையில், மெதுவாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் ‘டக்’ என்று ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். மரையும் மரையும் சந்திக்கிற இடம் அது, அங்கிருந்து வலது பக்கம் திருப்புங்கள். விரல் பலத்திலேயே அடி வரை போக வேண்டும். இரண்டு சுற்றில் இறுகினால் மரை மாறி ஏறுகிறது, நிறுத்திக் கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். இங்கே ‘கொஞ்சம் பலம் போட்டால் போயிடும்’ என்று நினைப்பவருக்கு ஹெட் வேலை காத்திருக்கிறது.

இறுக்கும் அளவு கையேட்டில் இருக்கும். இல்லையென்றால், வாஷர் உள்ள 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர், 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30. டார்க் ரெஞ்ச் கிடைக்கவே இல்லையென்றால், விரல் பலத்தில் உட்கார்ந்த பிறகு வாஷர் நசுங்கும்படி அரைச் சுற்று, அதற்குக் கொஞ்சம் மேல். மரைக்குக் கிரீஸ், ஆன்ட்டி சீஸ் (மரை இறுகிப்போகாமல் இருக்கப் பூசுகிற பசை) எதுவும் வேண்டாம். இன்றைய பிளக்குகளின் மரையில் பூச்சு இருக்கிறது, அதன் மேல் வழுக்கல் சேர்த்தால் ரெஞ்ச் காட்டுகிற எண்ணைவிட அதிகமாக இறுகிவிடும். காயிலின் ரப்பர் பூட்டுக்குள் வேண்டுமானால் மின்சாரம் கடத்தாத டை எலக்ட்ரிக் கிரீஸ் ஒரு துளி, அடுத்த முறை சுலபமாகக் கழலும்.

காயில்களை இறக்கி, கனெக்டர் ‘க்ளிக்’ என்று பூட்டுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பாதிக் கனெக்டர் போட்டுவிட்டு ‘புது பிளக் போட்டும் திக்குது’ என்று புலம்புபவர்களில் நானும் ஒரு முறை இருந்திருக்கிறேன்.

மாற்றிய பிறகு

ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள். பழைய பிழைக் கோடுகளை (பி0301 போன்ற குறியீடுகளை) ஸ்கேனரில் அழித்துவிட்டு, என்ஜின் சூடானதும் ஒரு மேட்டில் மூன்றாவது கியர், 1,800 ஆர்பிஎம், முழுதாக மிதியுங்கள். வெட்டு இல்லாமல் ஒரே இழுவையாக இழுத்தால் வேலை முடிந்தது.

வெட்டு இன்னும் இருந்து, உதாரணமாக பி0301 வருகிறதா? முதல் சிலிண்டர் காயிலை எடுத்து இரண்டாவதில் போடுங்கள், இரண்டாவதை முதலில். மறுபடி ஓட்டிப் பாருங்கள். கோடு பி0302-க்கு மாறினால் காயில்தான் குற்றவாளி, அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். கோடு பி0301-லேயே நின்றால் காயில் நிரபராதி, இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டிய நேரம். இந்த ஒரு சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகும். இதைச் செய்யாமல் மூன்று காயிலையும் மாற்றச் சொல்கிற பட்டறையிலிருந்து காரை எடுத்துவிடுங்கள்.

என் காரில் அடுத்த மாதம் மறுபடி வால்பாறை ஏறினேன். நாற்பது வளைவிலும் ஒரு வெட்டு கூட இல்லை. பானெட்டுக்கு அடியில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி ‘பிளக் 52,000 – பார்க்க 80,000’ என்று எழுதி வைத்திருக்கிறேன். என் ஓட்டத்தில் பாதிக்கு மேல் நகரம், 40,000 வரை விட மனமில்லை.